நெறிக்கட்டு, டி.பி., லிம்போமா: ஒரு பழைய குழப்பம்

கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டால் நம்ம பக்கத்தில் "நெறி கட்டியிருக்கு" என்பார்கள். காலில் முள் குத்தினாலும் கட்டும், பல் சொத்தையானாலும் கட்டும். நாலு நாளில் வத்திவிடும். வத்தாமல், வலியும் இல்லாமல், வாரக்கணக்கில் நிற்கிற நெறியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

1832-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் ஏழு பேரின் கதையை ஒரு கட்டுரையாக வாசித்தார். ஏழு பேருக்கும் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1865-ல் சாமுவேல் வில்க்ஸ்தான் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரை வைத்தார். வேடிக்கை என்னவென்றால், மருத்துவமனை அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருந்த சதைத் துண்டுகளை 1926-ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அவர் ஒன்றாகச் சேர்த்தவை எல்லாம் ஒரே நோய் இல்லை என்று தெரிந்தது. ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது என்ற இன்றைய பிரிவு முதல் கட்டுரைக்குள்ளேயே ஒளிந்திருந்திருக்கிறது!

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த சண்டை. 1898-ல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் இந்த நோயில் வரும் பெரிய செல்லை விவரித்தார். ஆனால் இது டி.பி.யின் ஒரு வகை என்றே நினைத்தார். அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்கு டி.பி.யும் இருந்தது. 1902-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரதி ரீட் என்ற பெண் மருத்துவர், இது டி.பி. இல்லை, தனி நோய் என்று வாதிட்டார். ஆந்தைக் கண் மாதிரி இரண்டு உட்கருவோடு இருக்கும் அந்தச் செல்லுக்கு இன்று இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது: ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்.

சண்டை முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஆனால் அனகாபுத்தூரில் எங்கள் தெருவில் முடியவில்லை. தறி நெய்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்குக் கழுத்தில் நெறி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு. ஒரு கிளினிக்கில் டி.பி. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். மாதங்கள் போயின, கட்டி போகவில்லை. நம் நாட்டில் டி.பி. அதிகம், அதனால் முதலில் அதை நினைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். சதையை எடுத்துப் பார்க்காமலே தொடங்குவதுதான் பிரச்சினை. ஊசி வைத்து எடுத்தால் சில செல்கள்தான் வரும். லிம்போமாவின் வகையைச் சொல்லக் கணுவின் அமைப்பே தெரிய வேண்டும். அதனால் முடிந்தவரை முழுக் கணுவையும் எடுத்து பயாப்சி செய்வார்கள்.

வகை ஏன் முக்கியம்? ஹாட்ஜ்கின் அல்லாதவற்றில் மட்டுமே பல பத்து உட்பிரிவுகள் உண்டு. பெரும்பாலானவை பி-செல்லில் தொடங்குபவை, சில டி-செல்லில். பாலிக்குலர் வகை வருஷக்கணக்கில் மெதுவாக நகரும், சிலருக்கு உடனே மருந்துகூடத் தர மாட்டார்கள். பர்கிட் வகை நாள்கணக்கில் வளரும், காத்திருக்க முடியாது.

பெரியவருக்குக் கடைசியில் ஹாட்ஜ்கின் என்று வந்தது. "ஸ்டேஜ் மூணுன்னு சொல்லிட்டாங்க சார், இனிமே என்ன இருக்கு" என்றார் அவர் பையன். அவன் மனசில் இருந்தது நுரையீரல், வயிறு மாதிரியான புற்றுநோய்களின் கணக்கு. இங்கே கணக்கு வேறு. இந்த ஸ்டேஜ்கள் கதிர்வீச்சுக் காலத்தில் பிறந்தவை. டொரன்டோவில் வேரா பீட்டர்ஸ் 1950-லேயே, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பிரித்துக் கதிர்வீச்சு கொடுத்தால் ஆரம்ப நிலையில் குணமாக்கலாம் என்று காட்டினார். கதிரை எங்கே பாய்ச்சுவது என்பதற்கு வரைபடம் வேண்டும். 1971-ல் ஆன் ஆர்பரில் அது முறைப்பட்டது: ஒரே பகுதியில் கணு என்றால் 1, உதரவிதானத்துக்கு மேலோ கீழோ, ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகள் என்றால் 2, இரண்டு பக்கமும் என்றால் 3, ஈரல், எலும்பு மஜ்ஜை போன்ற உறுப்புகளுக்குப் பரவினால் 4. காய்ச்சல், இரவில் துணி நனைகிற வியர்வை, ஆறு மாதத்தில் 10 சதவீத எடைக் குறைவு, இதில் ஒன்று இருந்தாலும் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து சேரும்; இல்லையென்றால் 'ஏ'. 2014-ல் லுகானோ முறை பெட் ஸ்கேனையும் உள்ளே கொண்டுவந்தது.

நிணநீர் உடம்பு முழுக்க ஓடுவது. ஆகவே பரவியிருப்பதாலேயே கை நழுவியது என்று அர்த்தமில்லை. மருந்தும் உடம்பு முழுக்க ஓடும். 1960-களில் அமெரிக்காவில் டிவிட்டா குழு நாலு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, முற்றிய ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பலரைக் குணமாக்கியது. அதில் ஒன்று வின்கிரிஸ்டின். அதன் தங்கை வின்பிளாஸ்டின், 1970-களில் மிலானில் வந்து இன்றும் கொடுக்கப்படும் ஏ.பி.வி.டி. கூட்டில் இருக்கிறது.

இரண்டும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தவை. நாம் சுடுகாட்டு மல்லி என்போமே, அதேதான். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்த அந்த இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது விஷம். டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும்.)

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய சமயம் இந்த மருந்துகளே கிடையாது. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா, அவை ஒவ்வொன்றாக வருவதையும், முன்பு சாவு என்று எழுதப்பட்ட குழந்தைகள் வீடு திரும்புவதையும் கண்ணால் பார்த்தவர். நம்ம ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற ஆறுதான் அந்த அடையாறுக்கும் பெயர் கொடுத்தது. பெரியவருக்கு ஆறு சுற்று ஏ.பி.வி.டி. முடிந்து மூணு வருஷம் ஆகிறது. செக்கப்புக்கு அவரே பஸ் பிடித்துப் போய்வருகிறார்.