முழங்கை இணைப்பு நார் அறுவை சிகிச்சை: மீண்டும் எறிய இயலுமா?

முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் (லிகமெண்ட்), ஈட்டியோ பந்தோ தொடர்ந்து எறிவோருக்குக் கிழியக்கூடும். எறியும்போது உட்புறம் வலித்தாலோ சுண்டுவிரல் மரத்துப்போனாலோ, எண்ணெய் தேய்த்து நீவுவதையும் கட்டுப் போடுவதையும் தவிர்த்து, அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையை அணுகவும். எக்ஸ்ரேயில் நார் தெரியாது, எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்படலாம்.

தறி நெய்தல், களையெடுத்தல் போன்ற வேலைகளுக்குத் திரும்ப ஓய்வும் இயன்முறைப் பயிற்சியும் பெரும்பாலும் போதும். எறிதலைத் தொடர விரும்புவோருக்கே, பெரும்பாலும் முன்கையிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. 1974இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கு மருத்துவர் பிராங்க் ஜோப் இதனை முதன்முதலில் செய்தார். ஜான் 1976இல் களம் திரும்பி 1989 வரை ஆடினார். தொழில்முறைப் பந்தெறிவோரில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் திரும்புகின்றனர்; பழைய திறனை அனைவரும் எட்டுவதில்லை. இதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் முழங்கை அறுவை சிகிச்சை பெற்று, 2020 ஜனவரியிலேயே 87.86 மீட்டர் எறிந்தார். அவருக்கு அகற்றப்பட்டவை எலும்புத் துணுக்குகள். அந்தக் கால அளவை, நார் மாற்றப்பட்ட உங்கள் பிள்ளையிடம் எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சியாளர் அவசரப்படுத்தினாலும், மருத்துவர் அனுமதிக்கும் வரை எறியக் கூடாது.