வலையமைப்புச் சேமிப்பகங்களில் நிலைக்கும் அமைப்புகள்: ஒரு சுருக்க வரலாறு

வலையமைப்புச் சேமிப்பகம் என்பது பல கணினிகள் ஒரே வன்தட்டைப் பகிர்ந்துகொள்ள உதவும் சிறு கருவி. இவற்றுள் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. பயனர் ஒருவர் இதன் உள்ளே நுழைந்து ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தினாலும், மின்சாரம் நின்று வந்ததும் அத்திருத்தம் மறைந்துவிடுவது உண்டு. ஏன்?

2004இல் வெளிவந்த லிங்க்சிஸ் என்.எஸ்.எல்.யூ.2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யூ.எஸ்.பி. வன்தட்டுகளை வலையமைப்பில் இணைக்கும் இக்கருவியில் 8 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் 32 மெகாபைட் ரேமும் மட்டுமே இருந்தன. இயங்குதளம் ஃபிளாஷில் சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. கருவி தொடங்கும்போதெல்லாம் அது ரேமில் விரிக்கப்படும். பயனர் திருத்தியது ரேமில் இருந்த நகலைத்தான். அது கரும்பலகையில் எழுதியதைப் போன்றது. மறுநாள் காலையில் பலகை துடைக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் இடம் ஒதுக்கிய சில அமைப்புகள் மட்டும் ஃபிளாஷின் தனிப் பகுதியில் நிலைத்தன.

லினக்ஸ் கருனி குனூ பொது உரிமத்தின்கீழ் வருவது. எனவே அதற்கான மூலநிரலை நிறுவனம் வெளியிட்டது. அதைக் கொண்டு தன்னார்வலர்கள் 'அன்ஸ்லங்' என்ற மாற்று நிலைபொருளை உருவாக்கினர். இது கோப்பு முறைமையை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்து, அங்கிருந்தே கருவியை இயங்கச் செய்தது. வன்தட்டில் எழுதிய திருத்தம் மின்சாரம் போனாலும் அழியாது.

டி-லிங்க் டி.என்.எஸ்.-323 கருவியில் வழி இன்னும் எளிது. வன்தட்டின் மேல்நிலைக் கோப்பகத்தில் 'ஃபன்_பிளக்' என்ற பெயரில் ஒரு கட்டளைக் கோப்பு இருந்தால், தொடங்கும்போது கருவியே அதைத் தேடி இயக்கும். நிலைபொருளை மாற்றத் தேவையில்லை. திருத்தங்கள் ரேமிலிருந்து மறைந்தாலும், இக்கோப்பு அவற்றை ஒவ்வொரு முறையும் மீண்டும் செய்துவிடும்.

பயனருக்கு உதவும் இதே நிலைப்பு தீயவர்களுக்கும் பயன்பட்டது. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த 'வி.பி.என்.ஃபில்டர்' என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வழிச்செயலிகள். சில கியூநாப் சேமிப்பகங்களும் இருந்தன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கருவிகளை மறுதொடக்கம் செய்யுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அதனால் நீங்கியவை தீநிரலின் பிற்பகுதிகள் மட்டுமே. பணி அட்டவணையில் இடம்பிடித்த முதற்பகுதி நிலைத்து நின்றது. அதை நீக்கக் கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு திருத்தத்தைச் செய்யுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இது ரேமில் எழுதப்படுகிறதா, அழியா நினைவகத்திலா? தொடக்கத்தின்போது தானாக இயங்கும் கோப்புகளில் நாம் வைக்காதது ஏதேனும் இருக்கிறதா?