நாடோடி மரபணுவின் வரலாறு

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, 'நாங்கள் என்ன தவறு செய்தோம்?' என்பதேயாகும். கண்ணேறு என்பர் சிலர். கருவுற்றிருந்த நாளில் தாய் உண்ட உணவு என்பர் வேறு சிலர். இவ்வினாவுக்கு அறிவியல் தரும் விடையைத் தேடிச் சென்றால், அது நம்மை ஒரு மக்காச்சோளக் கொல்லையில் கொண்டு நிறுத்துகிறது.

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 1940-களில் பார்பரா மக்கிளின்டாக் அம்மையார் மக்காச்சோளம் பயிரிட்டு ஆய்ந்து வந்தார். மணிகளில் புள்ளியும் கீற்றுமாக நிறம் மாறுவதைக் கண்டார். குரோமோசோமின் சில கூறுகள் இருந்த இடம் விட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் அமர்வதே காரணம் எனத் தெளிந்தார். மரபணுக்கள் நூலிற் கோத்த மணிகளைப் போல் நிலைபெயராதவை என்று உலகம் நம்பிய காலம் அது. 1951-இல் அறிஞர் அவையில் அவர் இதனை எடுத்துரைத்தபோது ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலரே. நோபல் பரிசு அவரை நாடி வந்தது 1983-இல். அப்போது அவருக்கு வயது 81.

மனிதனின் மரபுத்தொகுதி 2001-இல் படித்தறியப்பட்டபோது, அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு இத்தகைய நாடோடிக் கூறுகளின் எச்சம் என்பது வெளிப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை அசைவின்றி உறங்குகின்றன. ஆனால் ஒன்று நம் குருதியில் காவற்பணி ஏற்றிருக்கிறது.

நோய்க்கிருமிகள் எண்ணிறந்தவை, நம் மரபணுக்களோ ஏறத்தாழ 20,000 மட்டுமே. அவ்வளவு கிருமிகளுக்கும் எதிர்ப்பொருள் எங்ஙனம் உருவாகிறது? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1976-இல் சுசுமு டோனிகாவா விடை கண்டார். எதிர்ப்பொருளை ஆக்கும் வெள்ளையணு, வளரும் பருவத்தில் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டித் துண்டுகளைப் புதிது புதிதாக இணைத்துக்கொள்கிறது. வெட்டும் கத்தரியை டேவிட் ஷாட்ஸ், மார்ஜரி ஓட்டிங்கர், டேவிட் பால்டிமோர் ஆகியோர் 1989, 1990 ஆண்டுகளில் கண்டறிந்து 'ராக்' எனப் பெயரிட்டனர். வெட்டிய துண்டை மற்றொரு டி.என்.ஏ.வில் செருகவும் அது வல்லது என 1998-இல் இரு குழுவினர் சோதனைக் குழாயில் காட்டினர். நாடோடியின் பழைய குணம் அதுவே அன்றோ! ஆம்ஃபியாக்சஸ் என்னும் சிறு கடலுயிரில் அதன் உறவான நாடோடிக் கூறு ஒன்றைச் சீன அறிஞர் 2016-இல் கண்டெடுத்ததும் ஐயம் நீங்கிற்று.

இந்தக் கத்தரி தவறினால் என்னாகும்? குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயில் ஒருவகை, இரு மரபணுக்கள் தற்செயலாக ஒட்டிக்கொள்வதில் தொடங்குகிறது. இது பெரும்பாலும் கருவறையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆயினும் அவ்வாறு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நோயின்றி வளர்கின்றனர். நோய் முற்றுவதற்குப் பின்னும் சில மாற்றங்கள் வேண்டும். அந்நோயுற்ற குழந்தைகளின் அணுக்களை ஆராய்ந்தோர், மரபணுக்கள் அறுந்துபோன இடங்களில் ராக் கத்தரியின் தடம் பதிந்திருப்பதை 2014-இல் வெளியிட்டனர். முதிராமல் இடைவழியில் நின்றுவிட்ட அணுவில் கத்தரி ஓயாமல், வெட்டத் தகாத இடங்களையும் வெட்டியிருக்கிறது.

காக்கும் கருவியே காயப்படுத்தவும் செய்தது. அங்கே பகையும் இல்லை, தண்டனையும் இல்லை. கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை அல்லாஹ் எந்த வழியாக நமக்கு அருளினானோ, அந்த வழியிலேயே இந்த இடரும் அமைந்திருக்கிறது. தாய் உண்ட உணவிலோ தந்தையின் பிழையிலோ இதற்குக் காரணம் தேடுதல் வீண். பெற்றவள் மீது பழி சுமத்துதலோ அநீதி.

செல்வ நாடுகளில் இன்று குழந்தைகளின் கடும் நிணநீரணுப் புற்றுநோயில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஆகவே நோயை மறைத்து நாளைக் கடத்தாமல், காலத்தே மருத்துவரை நாடுவதே நாம் செய்யத்தக்கது. பழி தேடுவதில் கழியும் ஒவ்வொரு நாளும் குழந்தைக்குரிய நாளாகும்.