இல்லடு கள்: சங்கச் சாடி முதல் சிங்கைச் சமையலறை வரை

வீட்டிலேயே ஆக்கிய கள்ளை ‘இல்லடு கள்’ என்று பெயரிட்டழைத்தனர் பண்டைத் தமிழர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் இச்சொல்லாட்சி காணப்படுகிறது. அரிசியிலிருந்து மது ஆக்கிய முறையையும் அந்நூல் படிப்படியாக உரைக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, ‘பிழா’ என்னும் வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுவர். பின்னர் ‘நல்லடை’ எனப்படும் நெல்முளையை அதனோடு கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிர விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர்.

இம்முறையில் அடங்கியுள்ள அறிவியல் நுட்பம் எண்ணத்தக்கது. தானியத்தில் இருப்பது மாவுப்பொருள். அது தானாக மதுவாவதில்லை. முதலில் அது சர்க்கரையாக மாற வேண்டும். தானியம் முளைவிடும்போது தோன்றும் நொதிகளே அம்மாற்றத்தைச் செய்கின்றன. கொதிக்கும் களியில் முளையை இட்டால் நொதிகள் அழிந்துவிடும்; ஆகவே களி ஆற வேண்டும். பிழாவில் ஆற்றியது வெறும் வழக்கமன்று. காரணம் உடைய செயலாகும்.

சிங்கப்பூருக்குக் கூலிகளாக வந்த தமிழர் அறிந்த மது இதுவன்று, தென்னங்கள்ளே ஆகும். பாளையில் வடியும் நீரில் சர்க்கரை இயல்பாகவே உள்ளது. அது காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. ஆக்குவோன் அறிவுக்கு அங்கு வேலை குறைவு. உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளில் உழைப்பாளரின் நாட்கூலி கரைந்தது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியும் குடிப்பழக்கத்தைச் சமூகத்தின் பெருநோயாகக் கண்டனர். 1941இல் மலாயாவின் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. மதுவைப் பற்றித் தமிழர் எழுதும் எந்த வரலாறும் இந்த வடுவை மறைத்து எழுதப்படலாகாது.

அதே காலத்தில் சிங்கையில் பியர் ஆலைகள் எழுந்தன. 1931இல் மலாயன் புரூவரீஸ் நிறுவனம் தோன்றியது. 1932இல் ‘டைகர்’ பியரை வெளியிட்டது. ஜெர்மானியர் 1931இல் நிறுவிய ஆர்க்கிபெலாகோ ஆலை, ‘ஆங்கர்’ பியரை ஆக்கிற்று. 1941இல் அது மலாயன் புரூவரீஸ் கைக்குச் சென்றது. பார்லி தானியம் விளையாத நாட்டில் பார்லி மது ஆலைத்தொழிலாக வளர்ந்தது. இல்லம் நுகர்ந்தது, ஆக்கவில்லை.

வேறு நாடுகளில் வீட்டில் பியர் ஆக்கும் கலை சட்டத்தோடு போராடியே மீண்டது. இங்கிலாந்தில் அதற்குரிய உரிமம் 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அதற்கு இசைவளிக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். சிங்கப்பூர் 2004இல் அவ்வழியில் சென்றது. ஒரு குடும்பம் மாதத்திற்கு 30 லிட்டருக்கு மேற்படாமல், சொந்தப் பயனுக்காக மட்டும் நொதித்த மதுவை ஆக்கலாம், விற்றலாகாது, சாராயம் வடித்தல் முற்றிலும் குற்றம் என்பன அதன் வரையறைகளாம்.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் தகர டப்பியையே நாடுவர். ஏறத்தாழ 1.7 கிலோ எடையுள்ள அந்த டப்பியில் இருப்பது, ஆலையில் முளைத்தானியத்திலிருந்து எடுத்துச் சுண்டவைத்த சாறாகும். ஹாப்ஸ் பூவின் கசப்பும் அதில் முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். நீரும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்தால் 23 லிட்டர் பியர் கிடைக்கும். கூர்ந்து நோக்கின் இது தென்னங்கள்ளுக்கு நெருங்கிய உறவு எனலாம். சர்க்கரை முன்பே ஆயத்தமாக உள்ளது. அறிவு மிகுந்த பகுதி வேறொருவரால் முடிக்கப்பட்டுவிட்டது.

முழுத்தானிய முறையோ பெரும்பாணாற்றுப்படையின் வழி வந்ததாகும். 20 லிட்டருக்கு 4 முதல் 5 கிலோ வரை முளைகட்டிய பார்லியை உடைத்து, 65 முதல் 68 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் நொதி அழியும். குறைந்தால் மாவுப்பொருள் சரிவரக் கரையாது. பின்னர்ச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, விரைந்து ஆற்றி, ஈஸ்ட் சேர்ப்பர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்பது பலர் கொண்ட அச்சம். ஆஸ்திரேலிய இல்லத்தார் 2000களின் நடுப்பகுதியில் பரப்பிய பை முறை அவ்வச்சத்தைப் போக்கிற்று. தானியத்தைத் துணிப்பையில் இட்டு ஒரே பானையில் ஊறவைத்து, பையைத் தூக்கி வடித்து, அப்பானையிலேயே கொதிக்கவைப்பதே அம்முறை. சிராங்கூன் சாலைப் பாத்திரக்கடையில் விற்கும் எவர்சில்வர் அண்டாவும், இட்லித்துணி போன்ற மெல்லிய துணியும், வெப்பம் காக்க ஒரு கம்பளியும் போதும். முதலில் டப்பியோடு ஒரு கிலோ தானியத்தை ஊறவைத்துச் சேர்த்துப் பழகுவதும், பிறகு 10 லிட்டர் அளவில் முழுத்தானியத்திற்கு மாறுவதும் சிக்கனமான படிகளாகும். முளைத்தானியம் அதன் சாற்றைவிட விலை குறைந்தது. ஆயின் மிச்சமாகும் பணத்திற்கு ஈடாகப் பாதி நாள் உழைப்பைத் தர வேண்டும்.

சிங்கையில் இடர் தருவது வெப்பமே. ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 22 பாகையில் நன்கு தொழிற்படும். இங்கு அறையின் வெப்பமோ 30 பாகையை ஒட்டியது. குழாய்நீரும் குளிர்ந்ததன்று. ஆகவே பனிக்கட்டி இட்ட தொட்டியில் கலத்தை நிறுத்தி ஆற்றுகின்றனர். ஆற்றும் கலையில் பிழாவுக்கும் இத்தொட்டிக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் உள்ளன. நோக்கம் வேறாயினும் கருத்து ஒன்றே. உயிருள்ள பொருளுக்கு உரிய வெப்பத்தை அறிந்து நடத்தல் வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்தின்பின், 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வட்டாரத்தை மதுக்கட்டுப்பாட்டுப் பகுதியாக்கியது. அதே தெருவில் வாங்கிய அண்டாவில்தான் ஒருவர் மாதம் ஒருமுறை தானியத்தை ஊறவைக்கிறார். 30 லிட்டர் வரம்பிற்குள் 23 லிட்டர் ஆக்கம் ஒருமுறைதான் அடங்கும். அறிவு எவ்வளவு பெருகினும் அளவு பெருகலாகாது என்பதே அவ்வரம்பின் பொருள். கள்ளுக்கடையில் கூலியை இழந்தவரின் பேரர்கள் அதனைத் தடையாகக் கருதாமல், தம் முன்னோர் பெறாத காவலாகக் கருதுதல் தகும்.