ஒன்பது நாள் விடுமுறை

ராயபுரம் என்ற பெயருக்குள்ளேயே ராயப்பர் இருக்கிறார். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 1820களில் அவருக்கு இங்கே கோயில் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும்; ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைக் கடந்து போய்ச் சரக்கையும் ஆளையும் கரை சேர்ப்பார்கள். அந்தக் கூலியில் எடுத்துவைத்த காசுதான் கோயிலானது. ஜூன் 29 ராயப்பர் திருநாள்.

நாங்களோ திருவொற்றியூர்க்காரர்கள்; எங்கள் சாமிக்கும் ஒரு திருநாள் உண்டு. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் எங்கள் ஊர்ச் சிவன் ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் பார்க்கலாம். அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டர்னர். நைட் ஷிப்ட் முடித்து, எண்ணெய் வாடை போகாத சட்டையோடு அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். அன்றைக்கு அவருக்கு லீவு கிடையாது.

தொழிலாளிக்கு லீவு என்பது சும்மா வந்ததில்லை. 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். 1958இல் தமிழ்நாட்டில் தொழிலாளர்களுக்கான விடுமுறைச் சட்டம் வந்தது. இப்போது அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு பண்டிகைக்கு ஐந்து நாள், எல்லாமே சம்பளத்தோடு. எந்த ஐந்து என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்துதான் முடிவு செய்யவேண்டும்.

அப்பா அந்தப் பேச்சில் உட்கார்ந்தவர். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று மூன்று போனால் மிச்சம் இரண்டு. "பக்கத்து லேத்துக்காரன் ரம்ஜானுக்கு மிஷின் முன்னாடி நின்னா நமக்கு நல்லாவா இருக்கும்?" என்றாராம். ரம்ஜானும் கிறிஸ்துமஸும் ஏறின. கார்த்திகை ஏறவில்லை.

விடுமுறை பறிபோகவும் கூடும். கியூபாவில், ஹவானா துறைமுகத்தின் எதிர்க்கரையில், ராயபுரம் போலவே கடலை ஒட்டி ரெக்லா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பு மாதா மாலுமிகளுக்குக் காவல். செப்டம்பர் 7 அவள் திருநாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அவளையே யெமயா என்ற கடல்தாயாகவும் கும்பிடுகிறார்கள். இப்படித் திருநாள் கொண்டாடும் அந்தக் கியூபாவில்கூட 1969இல் கரும்பு அறுவடை தடைபடக்கூடாது என்று கிறிஸ்துமஸ் விடுமுறையை எடுத்துவிட்டார்கள். போப் வருவதற்குச் சற்று முன், 1997இல்தான் அது திரும்பியது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேத்தை வேஸ்ட் துணியால் துடைத்துப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்தோணியார் படம் ஒட்டியிருந்த மிஷினுக்கும் சாமந்தி மாலை விழும். வாசலில் பூசணிக்காய் உடையும். அப்பா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவரும் பொரிகடலைக்காக நாங்கள் வாசலிலேயே காத்திருப்போம்.

இன்று எங்கள் தெருவிலிருந்து ஒப்பந்த வேலைக்குப் போகும் பையன்களும் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறார்கள், பொரி வாங்கி வருகிறார்கள். ஆனால் மறுநாள் லீவுக்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை. அந்த ஒன்பது நாளும் அவர்களுக்கும் சேர்த்து வாங்கியதுதான். அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லும் கடன் எனக்கு இருக்கிறது.