போரில் தடை, வேட்டையில் கட்டாயம்: துப்பாக்கிக் குண்டுத் தேர்வின் பின்னணி

தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் சிட்னியின் மேற்குப் புறநகர் பிளாக்டவுன். அவ்வூர் வழியாக மேற்கே மலைகளைக் கடந்து செல்லும் ரயில் பாதையில் லித்கோ நகரம் இருக்கிறது. 1912இல் அங்கு தொடங்கப்பட்ட ஆயுதத் தொழிற்சாலையில்தான் ஆஸ்திரேலியப் படையினரின் .303 ரகத் துப்பாக்கிகள் தயாராயின. உலகப் போர்களுக்குப் பின் அவற்றில் பல, வேட்டைக்காரர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தன. தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கமும் அவர்களிடையே நெடுங்காலமாக உண்டு.

பித்தளை உறை, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, முனையில் பொருத்தப்படும் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. இலங்கைத் தமிழர் சன்னம் என்று குறிப்பிடும் இந்தக் குண்டு மட்டுமே இலக்கைச் சென்றடைகிறது. எனவே தோட்டா நிரப்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது குண்டைத்தான்.

டம்டம் தந்த பெயர்

இந்தத் தேர்வின் வரலாறு இந்தியா வழியாகச் செல்கிறது. முழுவதும் உலோக உறையிட்ட .303 குண்டு எதிரியை ஊடுருவிச் சென்றாலும் அவரை வீழ்த்துவதில்லை என்று, 1895ஆம் ஆண்டு சித்ரால் படையெடுப்புக்குப் பின் பிரிட்டிஷ் இராணுவத்தில் புகார் எழுந்தது. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்டி-கிளே என்பவர், முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டை உருவாக்கினார். உடலுக்குள் அது காளான் போல விரிந்து பெருங்காயம் ஏற்படுத்தியது.

1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. "நாகரிகமற்ற" எதிரிகளுக்கு எதிராக அவை தேவை என வாதிட்ட பிரிட்டன், 1907இல்தான் அப்பிரகடனத்தை ஏற்றது. ஐரோப்பியரின் உடலுக்கு ஒரு நியாயம், ஆசியரின் உடலுக்கு வேறொரு நியாயம் என்பதே அந்த வாதத்தின் பொருள்.

அதே பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டமோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மானைச் சுட மென்முனை அல்லது குழிமுனைக் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் முழு உறைக் குண்டு ஊடுருவிச் சென்றால் விலங்கு காயத்தோடு ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகக்கூடும்.

இலக்கும் எடையும்

நரி, முயல் போன்றவற்றுக்கு எடை குறைந்த, மெல்லிய உறையுள்ள குண்டு ஏற்றது. அதையே பெரிய மான் மீது பயன்படுத்தினால் தோலருகே சிதறிவிடும். இலங்கையில் மரை, தமிழகத்தில் கடமான் எனப்படும் சம்பர் மான், 1860களில் விக்டோரியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கும் இவ்விலங்கு, அங்கு வேட்டைக்குரியது. அதற்குக் குறைந்தது .270 விட்டமும் 130 கிரெய்ன் எடையும், அதாவது சுமார் எட்டரை கிராம், கொண்ட குண்டு வேண்டும் என விக்டோரியாவின் 2012ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன.

காகித இலக்கைச் சுடுவோர் நாடும் போட்டிக் குண்டுகள் வேறு வகை. அவற்றின் முனையிலுள்ள சிறு துளை தயாரிப்பு முறையால் உண்டாவது, விரிவதற்காக அமைக்கப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டைக் காட்டியே, இத்தகைய குண்டு ஹேக் தடைக்குள் வராது என்று 1990இல் அமெரிக்க இராணுவத்தின் சட்டப் பிரிவு கருத்துரைத்தது. வேட்டைக்கு இவற்றை நம்ப முடியாது.

துப்பாக்கிக் குழலின் உட்புற முறுக்கும் குண்டைத் தீர்மானிக்கிறது. நீளமான குண்டு நிலையாகப் பறக்க, நெருக்கமான முறுக்கு தேவை. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்குள்ள .223 குழலுக்கு 55 கிரெய்ன் பொருந்தும். 77 கிரெய்ன் குண்டு அதில் தடுமாறும்.

குண்டை மாற்றிவிட்டுப் பழைய அளவு மருந்தையே இடுவது ஆபத்தானது. எடை கூடினால் அறைக்குள் அழுத்தமும் உயரும். துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். ஆகவே தயாரிப்பாளரின் கையேடு அந்தந்தக் குண்டுக்குக் குறிப்பிடும் மிகக் குறைந்த அளவிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஈயத்தின் நச்சு

சிதறிய ஈயத் துகள்கள் இறைச்சியில் தங்குகின்றன. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் உடல்களைத் தின்னும் பறவைகளையும் அவை பாதிக்கின்றன. டாஸ்மேனியாவின் ஆப்புவால் கழுகுகளிடம் ஈயம் கண்டறியப்பட்டுள்ளது. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலும், டென்மார்க் 2024 ஏப்ரலிலும் வேட்டையில் ஈயக் குண்டுகளை விலக்கின.

மாற்றாக வந்துள்ளது முழுச் செம்புக் குண்டு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. பழைய .303 போன்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள், தங்கள் குழலின் முறுக்கு அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.