உப்பு விளைச்சல்

உவர்நீரை வெயிலில் ஆவியாக்கி உப்பெடுக்கும் தொழில். கோவில்பட்டிக் கரிசல் காட்டுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடிக் கரையோரங்களில் நடைபெறுகிறது. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்புகள் உள்ளன. வெயிலிலும் காற்றிலும் நீர் மட்டும் ஆவியாக, உப்புகள் பாத்தியில் தங்கிச் செறிகின்றன. முதலில் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் சுமார் 25 டிகிரியில் சோடியம் குளோரைடு படிகமாகிறது: நீர்மேல் மெல்லிய ஆடை மிதந்து, பரல்களாக அடியில் இறங்கும். சுமார் 29 டிகிரிக்கு மேல் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறுவதால் எஞ்சிய நீரை வடித்துவிடுவர். தொழிலாளர் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கின்றனர். வெண்பரப்பின் கூசும் ஒளி அவர்கள் கண்களை வருத்துகிறது. மானாவாரிக் கரிசலுக்கு உயிரான வடகிழக்குப் பருவமழை உப்பளத்தின் விளைச்சலை நிறுத்திவிடும். மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் செப்பனிட்டு மீண்டும் தொடங்குவர்.